ஸ்டெகோமையா: டெங்கு கொசுவின் பழைய எண், புதிய எண்

நூறு வருடத்துக்கு முந்தைய மருத்துவ அறிக்கை எதையாவது புரட்டினால் 'ஸ்டெகோமையா ஃபேசியாட்டா' என்ற பெயர் கண்ணில் பட்டுவிடும். மஞ்சள் காய்ச்சலைப் பற்றி எழுதியவர்கள், டெங்குவைப் பற்றி எழுதியவர்கள், பனாமா கால்வாய் வெட்டப் போனவர்கள், பம்பாய்த் துறைமுகத்தில் கொசு எண்ணியவர்கள் என்று எல்லாரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். இன்றைய பாடப்புத்தகத்தில் தேடினால் அப்படி ஒரு கொசு கிடைக்காது. இனம் அழிந்துபோயிருந்தால் நல்லதுதான், ஆனால் அதுவும் நடக்கவில்லை. மழைக்காலம் வந்ததும் நாளிதழ்களில் 'டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு' என்று வருகிறதே, அதே கொசுதான் இது. பெயர் மாறிவிட்டது, அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை.

சென்னையில் பல வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதியிருப்பார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, கணக்கு வைக்கும் முறைதான் மாறியது. பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இரண்டு எண்ணும் தெரிந்தால்தான் வீடு அகப்படும். ஸ்டெகோமையா ஃபேசியாட்டா என்பது பழைய எண். ஏடிஸ் எஜிப்டி என்பது புதியது. நடுவில் இன்னும் மூன்று நான்கு எண்கள் வந்து போயிருக்கின்றன.

ஏன் இத்தனை மாற்றம் என்று புரிய, உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவியல் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். ஒரே பேரினத்தில் பல சிற்றினங்கள் இருக்கலாம். இந்தப் பெயர்களை ஆளும் விதிகளில் நமக்குத் தேவையானவை இரண்டுதான். ஒன்று, ஒரே உயிருக்குப் பலர் பல பெயர் வைத்திருந்தால் முதலில் அச்சில் வந்த பெயருக்கே உரிமை. விலங்குகளுக்கு இந்தக் கணக்கு ஸ்வீடனின் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து தொடங்குகிறது. இரண்டு, ஒரே பேரினத்துக்குள் இரண்டு வேறு உயிர்களுக்கு ஒரே பெயர் வந்துவிட்டால் பின்னால் வந்தது செல்லாது. இவற்றைத் தவிர, ஒரு கொசுவை எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்பது அறிஞர்களின் முடிவு. அவர்கள் கருத்து மாறினால் பெயரின் முதல் பாதி மாறும்.

நம் கொசு இந்த எல்லாவற்றிலும் சிக்கியது.

லின்னேயஸின் மாணவர் ஃப்ரெட்ரிக் ஹாசல்க்விஸ்ட் எகிப்து, பாலஸ்தீனம் பக்கம் பயணம் போய், ஊர் திரும்பாமலே 1752இல் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளை லின்னேயஸ் பதிப்பித்தார். அதன் ஜெர்மன் பதிப்பு 1762இல் வந்தபோது, எகிப்தில் பார்த்த ஒரு கொசு அதில் 'கியூலெக்ஸ் எஜிப்டி' என்ற பெயரோடு இடம்பெற்றது. அன்றைக்குக் கொசு என்றாலே கியூலெக்ஸ்தான், வேறு பேரினம் பிரிக்கவில்லை. அந்தப் பெயரை அதற்குப் பிறகு யாரும் சீண்டவில்லை. ஆளாளுக்குத் தங்கள் கைக்குக் கிடைத்த மாதிரியைப் பார்த்து வேறு பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். 1787இல் புவாரே வைத்தது 'அர்ஜென்டியஸ்'. 1805இல் ஃபேப்ரிசியஸ் வைத்தது 'ஃபேசியாட்டஸ்', அதாவது பட்டை போட்டது. 1818இல் மெய்கன் வைத்தது 'கலோபஸ்'. ஒருவர் எழுதியது மற்றவர் கைக்குப் போய்ச் சேர ஆண்டுக்கணக்காகும் காலம் அது. இப்படி ஆனதில் ஆச்சரியம் இல்லை.

இந்தப் பூச்சிக்கு யாரும் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை. 1881 ஆகஸ்ட் 14ஆம் தேதி ஹவானாவின் அறிவியல் கழகத்தில் கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் எழுந்து, மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்றார். கொசு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. குறிப்பாக ஒரு கொசுவைக் காட்டி, அதைத் தனக்குத் தெரிந்த 'கியூலெக்ஸ் மொஸ்கிட்டோ' என்ற பெயரால் குறிப்பிட்டார். கைகாட்டிய கொசு சரியானது. சோதனைகள்தான் ஒழுங்காக ஒத்துவரவில்லை, யாரும் நம்பவில்லை. காரணம் பின்னால்தான் தெரிந்தது. நோயாளியை முதல் மூன்று நாளுக்குள் கடித்தால்தான் கிருமி கொசுவுக்குள் போகும். போன பிறகும் கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கொசு அடுத்தவருக்கு நோயைத் தரும். ஃபின்லே பெரும்பாலும் அவ்வளவு நாள் காத்திருக்காமல் கடிக்க வைத்தார்.

1900இல் அமெரிக்க ராணுவம் வால்டர் ரீட் தலைமையில் ஒரு குழுவைக் கியூபாவுக்கு அனுப்பியது. ஃபின்லே தன்னிடம் இருந்த கொசு முட்டைகளை அவர்களிடம் கொடுத்தார். அந்த முட்டைகளைப் பொரிய வைத்து வளர்த்தவர் ஜெஸ்ஸி லசியர். வளர்ந்த கொசு எந்த இனம் என்று உறுதி செய்ய வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். 'கியூலெக்ஸ் ஃபேசியாட்டஸ்' என்று பதில் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் குழுவில் ஒருவரான ஜேம்ஸ் கரோல் தன் கையை நீட்டிக் கடிக்கவிட்டார். பன்னிரண்டு நாள் முன்பு நோயாளியைக் கடித்திருந்த கொசு அது. அவருக்குக் காய்ச்சல் கடுமையாக வந்து பிழைத்துக்கொண்டார். லசியர் பிழைக்கவில்லை. செப்டம்பர் 25ஆம் தேதி மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

அடுத்த வருடமே பெயர் மாறியது. லண்டனில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளிலிருந்தெல்லாம் கொசுக்களைப் பிடித்து அனுப்பச் சொல்லி, வந்து குவிந்தவற்றை வகைப்படுத்தும் வேலையை ஃப்ரெட்ரிக் தியோபால்டு என்பவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் பார்த்தது செதில்களை. கொசுவின் உடம்பில் செதிலா என்று தோன்றும். நல்ல லென்ஸ் வைத்துப் பார்த்தால் தலை, முதுகு, கால், இறக்கை நரம்பு என்று எங்கும் பொடிப்பொடியாகச் செதில்கள் ஒட்டியிருக்கும். கறுப்பு வெள்ளை வரியாக நமக்குத் தெரிவது அந்தச் செதில்களின் நிறம்தான். தலையில் செதில் அகலமா, ஒடுக்கமா, தட்டையாகப் படிந்திருக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து அவர் புதிய பேரினங்களைப் பிரித்தார். அகலமான தட்டைச் செதில் கொண்ட கூட்டத்துக்கு 1901இல் அவர் வைத்த பெயர் ஸ்டெகோமையா. கியூலெக்ஸ் ஃபேசியாட்டஸ் அப்போது ஸ்டெகோமையா ஃபேசியாட்டா ஆனது. பேரினப் பெயர் லத்தீன் இலக்கணத்தில் பெண்பால் என்பதால் இரண்டாவது சொல்லின் வாலும் மாறியது.

இந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியதற்கு, வந்த நேரம்தான் காரணம் என்பேன். கொசுவை ஒழித்தால் காய்ச்சல் ஒழியும் என்று முதன்முதலாக நிரூபித்துக் காட்டிய வருடங்கள் அவை. 1901இல் ஹவானாவில் வில்லியம் கோர்கஸ் வீடு வீடாக ஆளை அனுப்பித் தண்ணீர்த் தொட்டிகளைத் தேடினார். புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம். அந்த ஆண்டு முடிவதற்குள் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் நின்றது. அந்தப் படைக்கே ஸ்டெகோமையா படை என்றுதான் பெயர்.

1904இல் அவர் பனாமா போனார். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் 1880களில் கால்வாய் வெட்ட வந்து, நோயில் ஆயிரக்கணக்கில் ஆட்களை இழந்து திரும்பியிருந்தார்கள். அவர்கள் கட்டிய மருத்துவமனையில் எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தார்களாம். தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் எறும்புக்காகத் தண்ணீர் வளையம். நம் வீடுகளிலும் பலகார அலமாரிக்கு அடியில் இதையே செய்திருக்கிறோம். நோயாளியின் படுக்கைக்கு நேர் கீழேயே கொசு வளர்த்தார்கள் என்பதுதான் அங்கே நடந்தது. கோர்கஸின் ஆட்கள் வேலையை ஆரம்பித்ததும் 1905 கடைசிக்குள் பனாமா நகரில் மஞ்சள் காய்ச்சல் முடிந்தது. இந்த வெற்றிக் கதை போன இடமெல்லாம் ஸ்டெகோமையா என்ற பெயரும் கூடவே போனது.

இந்தியாவுக்கும் அது இப்படித்தான் வந்தது. கால்வாய் 1914இல் திறக்கப்போகிறது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல்கள் நேராகக் கிழக்கே வரும், காய்ச்சலும் கூடவே ஏறி வந்தால் என்ன செய்வது என்று இங்கே கவலை. அந்தக் கொசு இந்தியாவில் ஏற்கெனவே ஏராளம். ஆகவே எஸ்.பி.ஜேம்ஸ் என்ற மருத்துவ அதிகாரியை நிலைமையை ஆராய அனுப்பினார்கள். பம்பாயில் ஸ்டெகோமையா கணக்கெடுப்பே நடத்தினார்கள். பயந்த மாதிரி மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வரவில்லை. ஆனால் ஆப்பிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ போகிறவர் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் இன்றும் வரிசையில் நின்று மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்வது அதே பயத்தின் தொடர்ச்சிதான். கொசு தயாராக இருக்கிறது, கிருமிதான் வரவில்லை.

இத்தனை புகழோடு இருந்த பெயருக்கு என்ன குறை? இரண்டாவது பாதியில் இருந்தது குறை. 1805இல் ஃபேப்ரிசியஸ் 'கியூலெக்ஸ் ஃபேசியாட்டஸ்' என்று வைப்பதற்கு முன்பே, 1789இல் வில்லெர்ஸ் அதே பெயரை வேறொரு பூச்சிக்கு வைத்துவிட்டார். விதிப்படி ஃபேப்ரிசியஸின் பெயர் பிறக்கும்போதே செல்லாதது. இதைக் கண்டுபிடித்ததும் ஆளுக்கொரு மாற்றுப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் 'ஸ்டெகோமையா கலோபஸ்' என்றார்கள். அப்புறம் தியோபால்டு பிரித்த பேரினங்கள் ரொம்பவே அதிகம், செதிலை மட்டும் வைத்துப் பிரிப்பது தாங்காது என்ற கருத்து வலுத்தது. அவற்றில் பலவற்றை, மெய்கன் 1818இல் உண்டாக்கியிருந்த ஏடிஸ் என்ற பேரினத்துக்குள் அடக்கினார்கள். ஸ்டெகோமையா அதற்குள் ஓர் உட்பிரிவாகச் சுருங்கியது. கலோபஸைவிட அர்ஜென்டியஸ் பழையது என்று தெரிந்ததும் 'ஏடிஸ் அர்ஜென்டியஸ்' வந்தது. அமெரிக்காவின் ஹாரிசன் டயார் 1920இல் தூசி தட்டி, எல்லாவற்றுக்கும் மூத்த பெயர் லின்னேயஸ் காலத்து எஜிப்டிதானே என்றார். 1930களில் உலகம் அதற்கு வந்து சேர்ந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எஜிப்டி என்ற பெயரோடு அச்சான அந்த 1762 வர்ணனையை நிதானமாகப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம். அதில் சொல்லியிருப்பது நம் கொசுவோடு பொருந்தவில்லை, எகிப்தில் உள்ள இன்னொரு கொசுவோடு பொருந்துகிறது. ஒப்பிட்டுப் பார்க்க மூல மாதிரியும் இல்லை. விதியை அப்படியே பிடித்தால் எஜிப்டி என்ற பெயர் அந்த வேறு கொசுவுக்குப் போக வேண்டும். டெங்கு, மஞ்சள் காய்ச்சல் பற்றி எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்கள் குழம்பிப்போகும். 1962இல் மேட்டிங்லி, ஸ்டோன், நைட் மூவரும் விலங்குகளின் பெயரை முடிவு செய்யும் பன்னாட்டு ஆணையத்திடம் போய், பழக்கத்தில் இருப்பதையே நிலைநிறுத்துங்கள் என்று கேட்டார்கள். ஆணையம் ஏற்றுக்கொண்டது. பெயருக்கு அடையாளமாகப் புதிதாக வைத்த மாதிரிக் கொசு கோலாலம்பூரில் பிடித்தது. எகிப்தின் பெயர், கோலாலம்பூரின் உடம்பு!

பெயர்ச் சட்டம் எவ்வளவு கறாராகத் தெரிந்தாலும், அதன் நோக்கம் எல்லாரும் ஒரே உயிரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று உறுதி செய்வது. அந்த மூவர் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது.

அதனால்தான் அடுத்து நடந்த கூத்தைப் படித்தபோது எனக்குப் பாதிதான் அனுதாபம் வந்தது. 2004இல் ரைனெர்ட், ஹார்பாக், கிட்சிங் மூவரும் ஏடிஸ் கொசுக்களின் உடலமைப்பை விரிவாக ஒப்பிட்டு, ஏடிஸ் என்பது ஒரே குடும்பம் இல்லை, பல கிளைகளைப் போட்டு அடைத்த மூட்டை என்றார்கள். உட்பிரிவாக இருந்த ஸ்டெகோமையா மறுபடியும் தனிப் பேரினமாயிற்று. ஏடிஸ் எஜிப்டி 'ஸ்டெகோமையா எஜிப்டி' ஆனது. டெங்குவைப் பரப்பும் இன்னொரு கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸ் 'ஸ்டெகோமையா அல்போபிக்டா' ஆனது. உறவுமுறை பற்றி அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் டெங்குவோடு மல்லுக்கட்டுகிற சுகாதார ஊழியர், மருத்துவர், பூச்சியியல் மாணவர் எல்லாரும் ஒரே இரவில் புதுப் பெயருக்கு மாற வேண்டும் என்றால் எப்படி? சில இதழ்கள் பழைய பெயரையே எழுதலாம் என்று அறிவித்தன. பத்து வருடம் இரண்டு பெயரும் சேர்ந்தே ஓடின. 2015இல் வில்கர்சன் குழுவினர் வேலைக்கு உதவுகிற மாதிரியான வகைப்பாடு வேண்டும் என்று சொல்லி, ஏடிஸைப் பழைய அகலத்துக்கே கொண்டுவந்தார்கள். ஸ்டெகோமையா திரும்பவும் உட்பிரிவு. இன்று முழுப் பெயரை எழுதினால் 'ஏடிஸ் (ஸ்டெகோமையா) எஜிப்டி (லின்னேயஸ், 1762)' என்று வரும். முதல் அடைப்புக்குறிக்குள் இருப்பது உட்பிரிவு. கடைசியில் பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதற்கும் அர்த்தம் உண்டு: அவர் இதை முதலில் வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு மாற்றிவிட்டார்கள் என்று பொருள்.

பெயர்தான் இப்படி ஆட்டம் காட்டுகிறதே தவிர, ஆளை அடையாளம் காண்பது சுலபம். உடம்பு கறுப்பு, கால்களில் வெள்ளை வளையம். முதுகில் வெள்ளிக் கோடுகள் யாழ் வடிவத்தில் இருக்கும். இரு பக்கமும் வளைந்த கோடு, நடுவில் மெல்லிய இரண்டு கோடு. முதுகின் நடுவில் நேராக ஒரே ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் அது எஜிப்டி இல்லை, அல்போபிக்டஸ். முட்டைகளைக் குவியலாக இடாமல் ஒவ்வொன்றாக, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரியும். தொட்டியில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்து தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்து, அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போகும் கொசு ஒழிப்புப் பணியாளர்களின் கணக்கில்தான் பழைய பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கணக்குகளுக்குப் பொதுப் பெயர் ஸ்டெகோமையா குறியீடுகள். 1923இல் கானர், மன்றோ என்ற இருவர் மஞ்சள் காய்ச்சல் ஒழிப்புக்காக எழுதிவைத்தவை. ஒரு தெருவில் 100 வீடு பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 8 வீட்டில் புழு இருக்கிறது. வீட்டுக் குறியீடு 8. அந்த 100 வீட்டிலும் தண்ணீர் நின்ற பாத்திரம், டிரம், டயர், கொட்டாங்குச்சி எல்லாம் சேர்த்து 250. அவற்றில் 11இல் புழு. பாத்திரக் குறியீடு 4.4. நூறு வீட்டுக்குப் புழு இருந்த பாத்திரம் எத்தனை என்பது பிரேட்டோ குறியீடு, இங்கே 11. இந்த மூன்றாவது 1950களில் சேர்ந்தது.

இந்தக் குறியீடுகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பின்புறம் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு சிமெண்ட் தொட்டியில் ஆயிரம் புழு நெளியலாம். மாடியில் கிடக்கும் சிரட்டையில் நாலு புழு இருக்கலாம். கணக்கில் இரண்டும் ஒன்று. அதனால் கூட்டுப்புழுக்களைத் தனியாக எண்ணி, தெருவில் வாழும் ஆட்களோடு ஒப்பிடும் முறையும் வந்திருக்கிறது. அதற்கு நேரமும் ஆளும் அதிகம் வேண்டும். மழைக்காலத்து அவசரத்தில் நூறு வருடத்துப் பழைய கணக்குதான் கைகொடுக்கிறது.

கிங் இன்ஸ்டிடியூட்டின் ஆரம்ப ஆண்டுகளில் அங்கே பொறுப்பில் இருந்த ரிக்கார்டு கிறிஸ்டஃபர்ஸ், எண்பதைத் தாண்டிய வயதில், 1960இல், இந்த ஒரு கொசுவைப் பற்றி மட்டுமே ஒரு தடித்த நூல் எழுதினார். பெயர்க் குழப்பத்தை அவரே அதில் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

பழைய கட்டுரைகளைப் படிக்கப் போகிறவர்களுக்கு இதெல்லாம் நேரடியாக உதவும். இணையக் களஞ்சியங்களில் ஏடிஸ் எஜிப்டி என்று மட்டும் தேடினால் 1930க்கு முந்தைய விஷயம் பெரும்பாலும் தப்பிவிடும். ஸ்டெகோமையா ஃபேசியாட்டா, ஸ்டெகோமையா கலோபஸ், ஏடிஸ் அர்ஜென்டியஸ் என்றும் தேட வேண்டும். யானைக்கால் நோயைப் பற்றித் தேடுகிறவருக்கும் இதே பாடுதான். அந்த நோயைப் பரப்பும் கொசுவை இந்தியக் கட்டுரைகள் ரொம்ப நாள் 'கியூலெக்ஸ் ஃபேட்டிகன்ஸ்' என்றே எழுதின. அது வீடெமன் 1828இல் வைத்த பெயர். 1823இல் தாமஸ் சே என்பவர் வைத்த 'குயின்குஃபேசியாட்டஸ்' மூத்தது என்பதால் இன்று அதுதான் செல்லும்.

பெயரே இல்லாமல் எழுதியவர்களும் உண்டு. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் மலேரியாவின் முடிச்சை அவிழ்த்த ரொனால்டு ராஸ், கொசுக்களைச் சாம்பல் கொசு, வரிக்கொசு, சிறகில் புள்ளி உள்ள கொசு என்றுதான் குறித்துவைத்தார். அதற்கு முன் இரண்டு வருடம் அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் முதல் இரண்டு வகை. வரிக்கொசு என்பது நம் ஸ்டெகோமையா. அதில் மலேரியா வளராது. சிறகில் புள்ளி உள்ள அனாஃபிலிஸ் கைக்கு வந்த பிறகுதான் விடை கிடைத்தது.

ஒரு பெயரில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பழைய இந்திய, மலாயா கட்டுரைகளில் 'ஸ்டெகோமையா ஸ்கூட்டெல்லாரிஸ்' என்று வருவது பெரும்பாலும் அல்போபிக்டஸ்தான். ஆனால் ஸ்கூட்டெல்லாரிஸ் என்று நிஜமாகவே இன்னொரு கொசு நியூ கினி பக்கம் இருக்கிறது, இன்றும் அதே பெயரோடு. ஃபேசியாட்டா என்று இருந்தால் அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டு எஜிப்டி என்று படிக்கலாம். ஸ்கூட்டெல்லாரிஸ் என்று இருந்தால், கட்டுரை எந்த ஊரிலிருந்து எழுதியது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.